சரிவு முடிகிற இடத்தில்

...இன்றைக்கு இருக்காது, இன்றைக்கும் இருந்தால் அந்த ஆள் மனிதப் பிறவியே இல்லை என்று நினைத்துக்கொண்டே நாற்காலியின் பிரேக்கை எடுத்தாள், நினைப்புக்கு என்ன, நேற்றும் இதையேதான் நினைத்தாள், போன வாரமும் இதையேதான், வாசல் கதவைத் திறந்து சரிவைப் பார்க்கிறபோதெல்லாம் பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவள் மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு நாயின் குடல் விவகாரத்துக்காக ஒரு முழு மனுஷி காலையில் எழுந்ததும் பயப்பட வேண்டியிருக்கிறதே, இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது... மடியில் பழைய துண்டு, துண்டின் மேல் பை, பைக்குள் கத்தரி, இஞ்ச் டேப், ஊசி டப்பா. மடியில் துண்டு எதற்கு என்று வேலை பார்க்கிற துணிக்கடையில் ஒருத்தி கேட்டாள், குளிருக்கு என்று சொல்லி வைத்தாள். குளிராவது மண்ணாவது. சக்கரத்தில் ஒட்டுவது கையில் ஒட்டும், கையில் ஒட்டுவது மடியில் ஒட்டும், மடியில் ஒட்டுவது வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில் ஒட்டும், இந்தச் சங்கிலி காலால் நடந்து போகிறவர்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் புரியாது. அவர்கள் மிதித்தால் என்ன, புல்லில் இரண்டு தேய்ப்பு, ஒரு ‘சீ’, அதோடு முடிந்தது, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் மறந்தும் போகும். அவளுக்குச் செருப்பே கைதான்.

இந்தச் சரிவை அண்ணன்தான் போட்டான். லிப்ட் மெக்கானிக், பத்து மாடி லிப்டைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறவன், தங்கைக்காக இரண்டு விடுமுறை நாள் முட்டி போட்டு உட்கார்ந்து சிமெண்ட் பூசினான், கட்டடத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, சுவரை ஒட்டி, கைப்பிடிக் குழாய் வைத்து, மழையில் சக்கரம் வழுக்கக் கூடாது என்று கரண்டி நுனியால் குறுக்கே குறுக்கே கோடு கிழித்து... அந்தக் கோடுகளுக்குள் இப்போது என்னென்ன போய் உட்கார்ந்திருக்கிறதோ, நினைத்தாலே குமட்டுகிறது. சரிவு கீழே இறங்கி இடது பக்கம் திரும்புகிறது, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் செடித் தொட்டி, நடுவில் அவளுடைய சக்கர நாற்காலி போகிற அளவுக்குத்தான் இடம், அங்கே எது கிடந்தாலும் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. அங்கேதான் கிடக்கும். சரிவு முடிகிற அந்தத் திருப்பத்தில். இவ்வளவு பெரிய தெரு இருக்கிறது, அந்தக் கோடியில் புல்வெளி இருக்கிறது, மரம் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, உலகத்து நாய்கள் எல்லாம் விளக்குக் கம்பத்துக்குத்தானே உயிரை விடும், இது மட்டும் என்ன சுவர் மூலைக்கு நேர்ந்துகொண்டு வந்த நாயா? கட்டடத்து ஆட்கள் எல்லாம் படியில் இறங்குகிறவர்கள். சரிவில் இறங்குகிறவள் ஒருத்திதான். அப்படியென்றால் அது யாருக்காகப் போட்டது? நாய்க்கு அவளோடு என்ன பகை? அது நாயின் வேலை இல்லை, கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளின் வேலை, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

ஆள் யார் என்பதும் தெரியும். எதிர்க் கட்டடத்துக் கீழ்த்தளத்துப் பல் டாக்டர். அவனிடம் ஒரு தடி நாய், பழுப்பு நிறம், கன்றுக்குட்டி அளவு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவர்களை எல்லாம் முகர்ந்து பார்க்கும். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு காலை, சன்னலில் நின்று... நின்று என்ன நின்று, சன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் இரண்டு கண்ணால் பார்த்தாள், அந்த நாய் இந்தச் சுவரோரம் முதுகை வளைத்துக்கொண்டு உட்காருகிறது, டாக்டர் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். மேலிருந்து ஒரு சத்தம் போட்டாள். ‘சாரிங்க, சாரிங்க’ என்று பாக்கெட்டைத் தடவி ஒரு பையை எடுத்து அள்ளிக்கொண்டு போனான். அள்ளினான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சத்தம் போட்டதால் அள்ளினான், சத்தம் போடாத நாளில்? அதற்கு அடுத்த வாரமே அவளுடைய சக்கரத்தில் முதல் தடவை ஒட்டியது. அப்புறம் மறுபடியும், அப்புறம் மறுபடியும். மூன்றாவது தடவை நேராக அவன் கிளினிக் வாசலுக்கே போய், நாற்காலிகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இத்தனை பேர் முன்னால், ‘ஊரு பல்லையெல்லாம் சுத்தம் பண்றீங்களே, உங்க நாய் பின்னாடி சுத்தம் பண்ண மட்டும் கை கூசுதா?’ என்று கேட்டாள், பாதி வாய் மரத்துப்போயிருந்த ஒரு ஆள் பாக்கி பாதி வாயால் சிரித்தான், டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆகா, அந்த ஒரு வாரம் என்னமாய்த் தூக்கம் வந்தது! சண்டை போட்டால் இப்படித் தூக்கம் வரும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனை மாத்திரை மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒரு வாரம்தான். அப்புறம் மறுபடியும் அதே திருப்பத்தில். பழி வாங்குகிறான். வெள்ளைக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, உள்ளே அசல் கழிசடை. பால்காரரிடம் சொன்னாள், மேல் வீட்டு டீச்சரிடம் சொன்னாள், குப்பை வண்டிக்காரரிடம் சொன்னாள், இப்போது அவன் தெருவில் வந்தால் யாரும் வணக்கம்கூடச் சொல்வதில்லை, அதில் அவளுக்கு ஒரு சின்ன திருப்தி, சின்ன என்ன, நல்ல பெரிய திருப்தியே.

வீட்டிலும்தான் ஒரு நாய் இருக்கிறது. துரை. அண்ணி ஆசைப்பட்டுக் குட்டியாகக் கொண்டுவந்தது, இப்போது சோபாவில் முக்கால் பாகம் அவருக்கு. அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடியும் முன்பே கிளம்பிவிடுவாள், அதனால் காலையில் துரையை வெளியே கூட்டிப்போவது அண்ணன் பொறுப்பு, அவள் எழுந்து பல் தேய்க்கிற நேரத்துக்கு இருவரும் திரும்பி வந்துவிடுவார்கள், துரை தண்ணீரைச் சளப்பு சளப்பென்று குடிக்கும், அண்ணன் கயிற்றை ஆணியில் மாட்டுவான். கயிற்றில் பை உருளை தொங்கும், சின்னச் சின்னப் பைகளாகக் கிழித்துக்கொள்கிற உருளை, அவள்தான் வாங்கிக் கொடுத்தாள், டாக்டரோடு சண்டை போட்ட மறுநாளே. ‘நாம சுத்தமா இருந்தாத்தானே அடுத்தவனைக் கேக்க முடியும்’ என்றாள். ‘அதானே’ என்றான் அண்ணன். டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனுக்கும் கோபம் வரும், ‘சில பேரு அப்படித்தாம்மா, படிச்சிருப்பானுங்க, புத்தி இருக்காது’ என்பான். வேலை முடிந்து அவள் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். ஒட்டியிருந்தால் ஒரு வார்த்தை முகம் சுளிக்க மாட்டான், வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, குட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்ப்பான். ‘விடுண்ணா, நானே பாத்துக்கறேன்.’ ‘நீ உள்ள போய்ப் படு, நான் இருக்கேன்ல.’ குனிந்த அவன் பின்னங்கழுத்தில் நரை தெரியும். யாருக்கு இப்படி ஒரு அண்ணன் வாய்க்கும்? அவளுக்குக் கண் நிறைந்துவிடும். தேய்த்துக்கொண்டே சொல்வான், எப்போதும் அதே குரலில், கோபமே இல்லாமல், ‘எதுக்கும்மா உனக்கு இந்த அலைச்சல்... முன்ன மாதிரி நான் துணியெல்லாம் வீட்டுக்கே வாங்கிட்டு வந்து தரேன், நீ பாட்டுக்கு உக்காந்து தைக்கலாமே?’

முன்ன மாதிரி. காலை முடக்கிப் போட்ட அந்த விபத்துக்கு அப்புறம் முன்ன மாதிரி என்றால் என்ன? ஒரு அறை, ஒரு சன்னல், ஒரு தையல் மெஷின், அண்ணன் கொண்டுவருகிற மூட்டை, அண்ணன் கொண்டுபோகிற மூட்டை, அளவெடுக்கக்கூட ஆள் வராது, யாருடைய இடுப்பு என்று தெரியாமல் இடுப்பைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு... அதற்கு இனிமேல் திரும்பிப் போகிறதாக இல்லை, செத்தாலும். பெரிய துணிக்கடையின் பின்பக்கம், ஆல்டரேஷன் மேசை, மூன்று பேர், அதில் அவள் ஒருத்தி, வாடிக்கையாளர்கள் மேடையில் ஏறி நிற்பார்கள், அவளுடைய உயரத்துக்குக் கீழ்மடிப்பு சரியாகக் கண்ணுக்கு நேரே வரும், மற்ற இருவரும் குனிந்து குனிந்து முதுகு வலி என்பார்கள், அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ‘நீ இந்த வேலைக்குன்னே பொறந்திருக்க’ என்று சூப்பர்வைசரம்மா முதல் வாரம் சொன்னாள். அதே அம்மாதான் போன வாரம் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ‘தப்பா எடுத்துக்காத. ஒரு கஸ்டமர் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னாங்க. அந்தச் சட்டைக் கையிலயும் ஒரு கறை. நானும் எத்தனை தடவைதான்... இன்னொரு தடவை ஆச்சுன்னா...’ என்று ஆரம்பித்து, முடிக்காமல், மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தாள். இன்னொரு தடவை ஆனால் என்ன என்று அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது.

அதனால்தான் இன்றைக்கு இருக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு வெள்ளை உடுப்பு, தரையைத் தொடுகிற நீளம், பத்து மணிக்கு அந்தப் பெண் வந்து போட்டுப் பார்க்கப் போகிறாள், கீழ்மடிப்பு அவள் பொறுப்பு. ஏற்கெனவே முந்தாநாள் ஒரு கண்டம் தாண்டியாயிற்று. பெரிய கோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், பச்சைப் பொத்தான், ஓரத்தில் பழுப்பு வளையம், நூல் கோக்க நான்கு கண், இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் மஞ்சள் நூலால் ஒரு தையல் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அண்ணன் கதவு தட்டினான் என்று நகர்ந்து திரும்பி வந்தால் ஒரு பொத்தானைக் காணோம், நூலோடு போயிருந்தது. கட்டிலுக்கு அடியில், மெஷினுக்கு அடியில், எங்கெங்கோ குச்சியை விட்டுத் துழாவினாள். அண்ணிதான் பெருக்கித் தள்ளியிருப்பாள், அவள் பெருக்குவது பெருக்குவதா, புயல் அடிக்கிற மாதிரி, கேட்டால் ‘நான் இன்னிக்குப் பெருக்கவே இல்லையே’ என்று கண்ணை உருட்டுகிறாள், துரைகூட மேசைக்கடியில் படுத்துக்கொண்டு உதட்டை நக்கியபடி அப்பாவி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது, இந்த வீட்டில் அது ஒன்றுதான் பொய் சொல்லாத ஜீவன் என்று அப்போது தோன்றியது. கடைசியில் கோட்டின் உள்பக்கம் வைத்திருந்த உபரிப் பொத்தானைப் பிய்த்து மேலே தைத்து ஒப்பேற்றினாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சரிவில் இறங்கினாள், மெதுவாக, உள்ளங்கை வளையத்தை உரசிப் பிடித்து வேகத்தைக் குறைத்தபடி, கண்ணைத் திருப்பத்தில் வைத்தபடி. ஒன்றும் இல்லை. சருகுதான். நேற்றுக் காற்றில் உதிர்ந்த இலைகள் மூலையில் ஒதுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான், பார், வீணாகப் பயந்தாய், அவனுக்கும் ஒரு நாள் வெட்கம் வராதா... சக்கரம் சருகில் ஏறியது, சரசரவென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லாத ஒரு இடம், மெத்தென்று. உடம்பில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாதவளுக்கு இது மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ, சக்கரம் வழியாக முதுகுத்தண்டு வரை ஏறியது அந்த மெத்து. நிறுத்த வேண்டும் என்று தெரியும், நிறுத்தக் கை பழக்கத்தில் டயரையும் சேர்த்துப் பிடித்தது, டயர் அரைச் சுற்றுச் சுற்றி வந்து கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அதைக் கொடுத்துவிட்டுப் போனது. கதகதப்பு இல்லை. சில்லென்று இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது, ஏன் என்று தெரியவில்லை, சூடாக இருந்தால் அழுதிருக்க மாட்டாள்.

அழுதது ஒரு நிமிஷம்கூட இல்லை. திரும்பிச் சரிவில் ஏறி வீட்டுக்குள் போகலாம், போனால் இந்தக் கையால்தான் தள்ளி ஏற வேண்டும், கதவுச் சாவியை இந்தக் கையால்தான் எடுக்க வேண்டும், கழுவித் துடைத்து மறுபடி இறங்குவதற்குள் வெள்ளை உடுப்புக்காரி வந்து போயிருப்பாள், மாலையில் அண்ணன் வாளியோடு வந்து ‘நான் சொல்லலியா’ என்றுகூடச் சொல்ல மாட்டான், சொல்லாமல் தேய்ப்பான், அதைத்தான் தாங்க முடியாது. எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். கிளினிக் திறந்திருந்தது. கழுவுவதானால் அங்கே போய்க் கழுவ வேண்டும், போட்டவன் வீட்டுத் தண்ணீரில், போட்டவன் கண் முன்னால், இந்தக் கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டி... தெருவைக் கடந்தபோது ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான், அடிடா அடி, இன்றைக்கு எவன் வந்தாலும் அவனுக்கும் சேர்த்துக் கிடைக்கும். கிளினிக் வாசலுக்குப் படி இல்லை, அந்த வகையில் நல்ல கட்டடம், கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பளிங்கு மாதிரி வெள்ளைத் தரை. டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பழுப்பு முத்திரை வைத்துக்கொண்டே வந்தது, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று, சீரான இடைவெளியில். திரும்பிப் பார்த்தாள். அழகாகவே இருந்தது.

டோக்கன் கொடுக்கிற பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘ஐயோ, என்னங்க இது! இப்பதான் தொடச்சேன்!’ அவள் ‘டாக்டரைக் கூப்பிடு’ என்றாள். காத்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்து நின்றான், தரையைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், அவள் நீட்டிய கையைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு இன்னும் வெறியேற்றியது, ‘என்ன பாக்கறீங்க? உங்க வீட்டுச் சொத்துதானே, அடையாளம் தெரியலையா? வாங்கிக்கங்க’ என்றாள், குரல் நடுங்கியது, நடுங்கக் கூடாது என்று எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பாள், சனியன் பிடித்த குரல். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அப்புறம் சொன்னான், தாழ்ந்த குரலில், ஆனாலும் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்கிற மாதிரி.

‘எங்க நாய் இங்க இல்லீங்க.’

‘பொய்.’

‘நீங்க அன்னிக்கு வந்து கத்திட்டுப் போன மறுநாளே ஊருக்கு வெளிய என் தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுட்டேன். மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. என் பசங்க இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. நீங்க தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறதும் எனக்குத் தெரியும். நான்தான் போனாப் போகுதுன்னு விட்டேன். உள்ள சின்னப் பசங்களுக்குன்னு தாழ்வா ஒரு வாஷ்பேசின் இருக்கு. கையைக் கழுவிக்கிட்டுக் கிளம்புங்க. தயவு செஞ்சு இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.’

பொய்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள், பின்னே, மாட்டிக்கொண்டால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள், தங்கச்சி வீடாம், கதை நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் அந்த நாயைக் கடைசியாக எப்போது பார்த்தாள்? பார்த்தாள்... எப்போது? மழைக்காலத்தில் பார்த்தாளா? நனைந்த நாயாக அதைப் பார்த்த நினைவு ஏன் ஒன்றுகூட இல்லை? கண்கொத்திப் பாம்பாக அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நாய் இல்லை என்பது எப்படித் தெரியாமல் போகும்? அவள் பார்த்தது வாசலை, அவனை, அவன் முகத்தை. நாயைத் தேடவே இல்லை. சோப்பு நுரை மூன்று தடவை பழுப்பாகப் போய் நான்காவது தடவை வெள்ளையானது. டோக்கன் பெண் ஒரு கட்டு காகிதத்தையும், நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டைக் குச்சி ஒன்றையும் கைபடாமல் மடியில் போட்டுவிட்டுப் போனாள், ‘டயரையும் தொடச்சுக்கங்க, வெளிய போறப்ப மறுபடி கறை பண்ணாதீங்க’ என்றாள். அதே குழாயடியில் சக்கரத்தை நிறுத்திக் குச்சியால் சுரண்டினாள். டயரின் பள்ளத்தில் ஒரு இடத்தில் குச்சி போய் எதிலோ மோதியது. கல்லாக இருக்கும். நெம்பினாள். கல் இல்லை. வட்டமாக இருந்தது. தண்ணீர் பட்டதும் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிந்தது, வளையத்துக்குள் பச்சை, பச்சையில் நான்கு கண், கண்ணில் அறுந்த நூல், மஞ்சளாக, இன்னும் மஞ்சளாகவே.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் அதைக் கையில் எடுத்து மூடிக்கொண்டாள், கழுவின கையால், அப்படியே, அதில் ஒட்டியிருந்ததோடு சேர்த்து. டாக்டர் எட்டிப் பார்த்தான். ‘ஆச்சா?’ ‘ஆச்சு.’ ‘கையில என்ன?’ ‘ஒண்ணுமில்ல.’ ஒரு மன்னிப்பு வார்த்தை தொண்டை வரை வந்தது, வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள், அந்தத் தங்க பிரேம், அந்தப் பொறுமை, போனால் போகிறது என்று விட்டாராம், பெரிய மகான், வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. சொன்னால் எதைச் சொல்வது? எங்கள் வீட்டு நாய்தான் என்றா? இந்த ஆளிடமா? ஒரு கையை மூடிக்கொண்டு ஒரு கையால் நாற்காலியைத் தள்ளினால் அது நேரே போகாது, வட்டம்தான் போடும், அந்த மூடிய முஷ்டியாலேயே வளையத்தைத் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டு, காத்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வெளியே வந்தாள்.

துரை. மேசைக்கடியில் உதட்டை நக்கிக்கொண்டு... சரி, முழுங்கிவிட்டது, நாய் முழுங்கும், அது நாயின் குற்றமில்லை. கயிற்றைப் பிடித்திருந்தது யார்? சோம்பேறித்தனம்தான், வேறு என்ன, அரைத் தூக்கத்தில் எழுந்து போகிறவன், இருட்டு விலகாத நேரம், துரைக்குப் படி இறங்கப் பிடிக்காது, குட்டியில் ஒரு தடவை உருண்டு விழுந்ததிலிருந்து சரிவில்தான் இறங்கும், கீழே வந்ததும் முதல் மூலையிலேயே அவசரம் வந்திருக்கும், அண்ணன் கவனித்திருக்க மாட்டான்... ஒரு நாள் கவனிக்க மாட்டான். இத்தனை நாளுமா? அந்தப் பை உருளை. இன்று காலைகூட ஆணியில் பார்த்தாளே, வாங்கின அன்று இருந்த அதே பருமன், மேலே ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகூடக் கிழியவில்லை, மழைக்கு முன்னால் வாங்கினது, ஒரு தடவையாவது ‘தீந்து போச்சும்மா, இன்னொண்ணு வாங்கணும்’ என்று அவன் சொல்லியிருக்கிறானா? அவளுக்கும் ஏன் கேட்கத் தோன்றவில்லை? சரி, சோம்பேறி, பொய்யன், அள்ளக் கூச்சம், ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே. ஆனால் அள்ளக் கூச்சப்படுகிறவன்தான் மாலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக... கையில் உறைகூட இல்லாமல். அங்கே அள்ளாததை இங்கே தேய்ப்பானா ஒருவன்? சரிவில் இறங்குகிறவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியாதா? கோடு கிழித்தவனே அவன்தானே. கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளின் வேலை என்று இத்தனை நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளே, பால்காரரிடம், டீச்சரிடம், அது பலித்த மாதிரி இப்போது... சீச்சீ. என்ன புத்தி இது. இரண்டு நாள் முட்டி போட்டு சிமெண்ட் பூசினவனை. நாக்கு அழுகிப் போகும். எதுக்கும்மா உனக்கு இந்த அலைச்சல். நீ பாட்டுக்கு உக்காந்து தைக்கலாமே. எப்போதும் அதே குரல், கோபமே இல்லாத குரல். அந்தக் குரலில் கோபம் ஏன் இருந்ததே இல்லை? தங்கையின் கையில் தினம் அசிங்கம் ஒட்டினால் ஒரு அண்ணனுக்குக் கோபம் வர வேண்டாமா? ஒரு தடவையாவது எதிர்க் கட்டடத்துக்குப் போய் அந்த டாக்டரின் சட்டையைப் பிடிக்க வேண்டாமா? அவள்தான் போனாள். அவன் ஒரு தடவைகூடப் போகவில்லை.

கடைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரியவில்லை, பின்கதவு வழியாக நேரே குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள், பொத்தானைக் கழுவினாள், மறுபடி கையைக் கழுவினாள், தோல் சுருங்குகிற வரை. மடித் துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்தாள். சூப்பர்வைசரம்மா பக்கத்தில் வந்து நின்று, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ‘பத்து மணிக்கு வந்துடுவாங்க’ என்றாள். ‘ரெடி மேடம்.’ பொத்தானை ஊசி டப்பாவில் போட்டாள், ஊசிகளுக்கு நடுவில் அது பச்சையாகக் கிடந்தது. வெள்ளை உடுப்பை மேசை மேல் விரித்தாள். முதல் குண்டூசியைக் குத்தியபோது பைக்குள் போன் அடித்தது. இந்த நேரத்துக்குத் தினமும் அடிக்கும். அண்ணன்தான். ஏதோ ஒரு கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பேசுவான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். தினமும் இரண்டே கேள்விதான். இத்தனை நாளும் அதைக் கேட்டால் மனசு குளிர்ந்துதான் போகும்.

‘போய்ச் சேந்துட்டியாம்மா?’

‘ம்.’

‘வழியெல்லாம் சுத்தமா இருந்துச்சா?’

அடுத்த குண்டூசியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள், வேலை செய்கிறபோது பேசுகிற மாதிரி. ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று கேட்கலாம். துரை முந்தாநாள் ஒரு பொத்தானை முழுங்கிச்சு தெரியுமாண்ணா என்று கேட்கலாம், சிரித்துக்கொண்டே கேட்கலாம், அவன் ‘ஐயையோ’ என்று சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று, வெறும் சோம்பேறி அண்ணன், அவ்வளவுதான், எவ்வளவு நன்றாக இருக்கும்... குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

‘இருந்துச்சுண்ணா. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. கை, சக்கரம் எல்லாம் சுத்தம்.’

அந்தப் பக்கம் உடனே பதில் வரவில்லை. எங்கோ இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் அந்த மௌனத்தைக் கேட்டாள், நிம்மதிப்படுகிறவனும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வானா, ஏமாந்து போனவனும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வானா, கூடப் பிறந்து இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

‘அப்படியா...’ என்றான் அண்ணன்.